இருக்கும் வீட்டில் எரிசக்திச் சிக்கனம்: எந்த வேலையை முதலில் செய்வது?

கரண்ட் பில் எகிறினால் நமக்கு உடனே தோன்றுவது ஏதாவது ஒரு சாதனத்தை மாற்றலாம் என்பதுதான். புது ஏசி வாங்கலாமா, கூரையில் சோலார் போடலாமா, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடலாமா? எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும். இந்த வீட்டில் எரிசக்தி எங்கே செலவாகிறது, எந்த வழியாக வீணாகிறது? அது தெரியாமல் செய்யும் செலவு பாதி குருட்டாம்போக்கில் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே ஐந்து வேலைகளை இரண்டு வீடுகளில் வெவ்வேறு வரிசையில் செய்தால் செலவும் பலனும் ஒன்றாக இருக்காது. குளிர் நாட்டில் ஒருவர் முதலில் பெரிய ஹீட்டிங் இயந்திரம் வாங்குகிறார், மூன்று வருடம் கழித்து கூரைக்கும் சுவருக்கும் வெப்பக்காப்பு (இன்சுலேஷன்) போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெப்பக்காப்பு வந்த பிறகு வீட்டுக்குத் தேவையான வெப்பம் பாதியாகிவிடும். இயந்திரமோ பழைய தேவைக்கு வாங்கியது. அது சில நிமிடம் ஓடி நிற்கும், மறுபடி ஓடி நிற்கும். தேய்மானமும் கூடும், திறனும் குறையும். அவரே வெப்பக்காப்பை முதலில் செய்திருந்தால் பாதி அளவு இயந்திரம் போதும், வாங்கும் விலையிலேயே மிச்சமாகியிருக்கும். ஏசிக்கும் இதே கதைதான். இந்தக் கட்டுரை முழுக்க வரிசையைப் பற்றியே பேசப்போகிறேன். இருக்கும் வீட்டைச் சீர்செய்வதில் பெரும்பாலான பணம் வீணாவது தவறான பொருளை வாங்கியதால் இல்லை, சரியான பொருளைத் தவறான நேரத்தில் வாங்கியதால்தான் என்பது என் எண்ணம்.

பில்லை எடுத்து வைத்துக்கொண்டு

கடந்த 12 மாத பில்களை எடுங்கள். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு அது. கேஸோ எண்ணெயோ எரிக்கும் வீடாக இருந்தால் அதையும் இதே அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு ஒரு கன மீட்டரில் சுமார் 10 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஒரு லிட்டர் ஹீட்டிங் ஆயிலிலும் ஏறத்தாழ அதே அளவு. சிலிண்டரில் வரும் எல்பிஜியில் கிலோவுக்கு சுமார் 13. எல்லாவற்றையும் ஒரே அளவில் எழுதினால்தான் எது பெரிய செலவு என்று தெரியும்.

இப்போது மாத வாரியாக ஒரு வரைபடம் போடுங்கள். ஹீட்டரும் ஓடாத, ஏசியும் ஓடாத மாதம் ஒன்றாவது இருக்கும். அந்த மாதத்தின் செலவுதான் உங்கள் வீட்டின் அடிப்படைச் செலவு: ஃபிரிட்ஜ், விளக்கு, வெந்நீர், டிவி, சமையல், இன்ன பிற. அதற்கு மேலே மற்ற மாதங்களில் ஏறி நிற்பதெல்லாம் வானிலைக்காக நாம் கொடுக்கும் விலை. உதாரணமாக அடிப்படை மாதத்துக்கு 150 யூனிட், வருட மொத்தம் 3000 யூனிட் என்றால், 1800 அடிப்படைக்கும் 1200 வானிலைக்கும் போகிறது. இந்த வீட்டில் சுவரையும் கூரையையும் எவ்வளவுதான் சீர்செய்தாலும் அந்த 1200-ஐத்தான் தொட முடியும். ஆகவே இங்கே வெந்நீரையும் ஃபிரிட்ஜையும் கவனிப்பது முக்கியம். இன்னொரு வீட்டில் வருட மொத்தம் 15,000, அதில் 12,000 குளிர்காலத்தில் மட்டும் என்றால் நிலைமை தலைகீழ். அங்கே எல்இடி பல்பு மாற்றுவதில் நேரத்தைச் செலவழித்தால் பெரிய விஷயம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதோடு ஒரு சின்னச் சோதனை. இரவு தூங்கப் போகும் முன் மீட்டரைப் பாருங்கள், காலையில் எழுந்ததும் பாருங்கள். ஏசியோ ஹீட்டரோ ஓடாத ஒரு இரவில் செய்யுங்கள். வித்தியாசத்தை மணிக்கணக்கால் வகுத்தால், யாரும் எதையும் பயன்படுத்தாதபோதும் வீடு இழுத்துக்கொண்டிருக்கும் அளவு கிடைக்கும். ஃபிரிட்ஜைத் தவிர்த்து 50 வாட் ஓடிக்கொண்டே இருந்தால் வருடத்துக்கு 438 யூனிட். பழைய செட்டாப் பாக்ஸ், எப்போதும் செருகியே இருக்கும் ஆம்ப்ளிஃபயர், யாரும் எட்டிப் பார்க்காத இரண்டாவது ஃபிரிட்ஜ் என்று தேடினால் ஆள் அகப்படும். இதற்குச் செலவே இல்லை.

வெப்பம் போகும் வழி

வெப்பம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளிருந்து வெளியே, கோடையில் வெளியிலிருந்து உள்ளே. அதனால் வெப்பத்தைத் தடுக்கும் கூரை இரண்டு காலத்துக்கும் உதவும். ஒரு சுவரோ கூரையோ எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்பதற்கு யூ மதிப்பு என்று ஒரு அளவு இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில், இரு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் கடக்கிறது என்பதே அது. எண் குறைவாக இருந்தால் நல்லது. கடையில் ஆர் மதிப்பு என்று சொன்னால் அது வெப்பத்தைத் தடுக்கும் அளவு, அங்கே எண் கூடினால் நல்லது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். 15 சென்டிமீட்டர் கனமுள்ள வெறும் கான்கிரீட் கூரையின் யூ மதிப்பு சுமார் 4. பரப்பு 50 சதுர மீட்டர், உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 15 டிகிரி. 4 × 50 × 15 என்றால் 3000 வாட். 1000 வாட் ரூம் ஹீட்டர்கள் மூன்றை விடாமல் ஓட்டினால் வரும் வெப்பம் கூரை வழியாக மட்டும் போகிறது. இதன் மேல் 5 சென்டிமீட்டர் நல்ல வெப்பக்காப்பு போட்டால் யூ மதிப்பு 0.6 ஆகும், இழப்பு 450 வாட்டுக்கு இறங்கும். இன்னும் 5 சென்டிமீட்டர் சேர்த்தால் 0.3, இழப்பு 225 வாட். முதல் 5 சென்டிமீட்டர் 2550 வாட்டைக் காப்பாற்றியது, அடுத்த 5 சென்டிமீட்டர் வெறும் 225-ஐ.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிகின்றன. முதலாவது, எந்த இடத்தையும் விட்டுவைக்கக் கூடாது. அதே கூரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு 10 சென்டிமீட்டர் போட்டுவிட்டு ஒரு பங்கை வெறுமனே விட்டால், அந்த ஒரு பங்கு வழியாகப் போகும் வெப்பம் 300 வாட், மற்ற ஒன்பது பங்கும் சேர்த்துப் போவது 200 வாட் சொச்சம். விடுபட்ட மூலை, மேலே ஏறும் மூடி, சுவர் ஓரம் என்று எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சரிவுக் கூரை வீட்டில், கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள கூரையடி இடத்துக்கு ஆள் ஏறும் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சுற்றிலும் மெத்தை போல வெப்பக்காப்பு கிடக்கும், மூடி மட்டும் மெல்லிய பலகையாக இருக்கும். பல வீடுகளில் இதுதான் நிலைமை. மூடியின் முதுகில் ஒரு தடித்த வெப்பக்காப்பு அட்டையை ஒட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை வைத்தால் அரை நாள் வேலை.

இரண்டாவது விஷயம் மேலே போட்ட கணக்குக்கு முரணாகத் தோன்றலாம். ஆள் வந்து, சாரம் கட்டி, கூரையைத் திறந்து வேலை செய்யும்போது கனத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கூலியும் சாரமும் 5 சென்டிமீட்டருக்கும் 10 சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், கூடுவது பொருளின் விலை மட்டும். இன்றைக்குக் குறைத்துப் போட்டுவிட்டால் இன்னும் 30 வருடத்துக்கு அதைத் தொட யாருக்கும் மனம் வராது.

வெயில் காயும் ஊர்களில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. கருத்த கூரை நேர் வெயிலில் சுற்றியுள்ள காற்றைவிட 20, 30 டிகிரி கூடுதலாகவே சூடேறும். நல்ல வெள்ளைப் பூச்சு விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெப்பக்காப்புக்குப் பணம் சேரும் வரை மொட்டைமாடிக்கு வெள்ளையடிப்பது நல்ல முதல் படி. மேல்மாடி அறையில் வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம். கடும் வெப்ப நாட்களில் இரவிலும் ஆறாத அறை வெறும் சங்கடம் மட்டுமில்லை, உடம்புக்கு ஆபத்து.

காற்றுக் கசிவு

சுவரைப் பார்க்கும் கண்ணுக்கு இடுக்குகள் தெரியாது. ஆனால் பழைய வீடுகளில் வெப்ப இழப்பில் பெரிய பங்கு காற்றோடு போவது. குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் சூடான காற்று மேலே எழும்பி சீலிங் இடுக்குகள் வழியாக வெளியேறும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் கீழே இருக்கும் இடுக்குகள் வழியாகக் குளிர் காற்று உள்ளே வரும். வீடே ஒரு புகைபோக்கி போல இழுக்கிறது. அதனால் அடைப்பதற்கு முதல் இடம் வீட்டின் உச்சி, இரண்டாவது அடித்தளம். நம் கை தானாகப் போவது ஜன்னலுக்கு. ஆனால் நடுவில் இருக்கும் ஜன்னலில் அழுத்த வித்தியாசம் குறைவு.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். வெளியே காற்றடிக்கும் நாளாகப் பார்த்து எல்லா ஜன்னல் கதவையும் சாத்துங்கள். கேஸ் அடுப்பு, பாய்லர் எதுவும் எரியாமல் நிறுத்திவிட்டு, சமையலறை, குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் அழுத்தம் லேசாகக் குறையும், வெளிக்காற்று எந்த ஓட்டை கிடைத்தாலும் உள்ளே வரும். பத்தியைத் திரைச்சீலை பக்கம் கொண்டுபோகாமல், வெளிச்சுவரில் உள்ள ஸ்விட்ச் பெட்டி, ஜன்னல் சட்டம் சுவரோடு சேரும் இடம், கதவின் அடிப்பக்கம், சிங்க்குக்குக் கீழே தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் துளை, ஏசி குழாய்க்காகப் போட்ட ஓட்டை என்று மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழும்பினால் சரி. சட்டென்று வளைந்தால் அங்கே சாக்பீஸால் ஒரு குறி. சிங்க்குக்கு அடியில் உள்ள துளை பெரும்பாலும் குழாயைவிட இரு மடங்கு அகலமாக இருக்கும். பெட்டிக்குள் மறைந்திருப்பதால் அதைப் பூச வேண்டும் என்று கொத்தனாருக்கும் தோன்றியிருக்காது.

தொழில்முறையில் இதையே செய்யும் கருவிக்கு புளோவர் டோர் என்று பெயர். வாசற்கதவு இடத்தில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும்வரை ஓட்டி, ஒரு மணி நேரத்தில் வீட்டின் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று அளப்பார்கள். ஓட்டை உடைசலான பழைய வீட்டில் 10-ஐத் தாண்டும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் குடியேறிய முதல் பாசிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும்) வீடுகளில் தொடங்கி வளர்ந்த தரநிலை 0.6-க்குள் இருக்கச் சொல்கிறது. பழைய வீட்டைச் சீர்செய்பவர்களுக்கு அந்தத் தரநிலையை வகுத்தவர்களே 1.0 வரை சலுகை தருகிறார்கள். இருக்கும் கட்டடத்தில் எல்லாவற்றையும் பிரித்துப் போட முடியாது என்று அவர்களுக்கும் தெரியும். நமக்கு அந்த எண் வராவிட்டால் குற்றமில்லை. 12 இருந்த இடத்தில் 5 வந்தாலே வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கண்ணாடி இழைப் பஞ்சு போன்ற வெப்பக்காப்பு காற்றைத் தடுக்காது, வடிகட்டத்தான் செய்யும். பழைய பஞ்சைத் தூக்கிப் பார்த்தால் சில இடங்களில் கருத்துப்போயிருக்கும். அதன் வழியாகப் பல வருடம் காற்று போய்வந்து தூசி படிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே முதலில் சீலன்ட் வைத்து ஓட்டையை அடைக்க வேண்டும், அப்புறம்தான் பஞ்சு.

இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டுக்குள் கேஸ் கீசரோ, விறகு அடுப்போ, உள்காற்றை எடுத்து எரியும் பாய்லரோ இருந்தால், இடுக்குகளை அடைப்பதற்கு முன் அதைத் தெரிந்தவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். காற்று போதாமல் போனால் புகை வெளியேறாமல் திரும்பி அறைக்குள் வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். அதற்கான அலாரம் ஒன்றை முதலில் வாங்கி மாட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஈரம்

வெப்பக்காப்பால் வீடு கெட்டுப்போச்சு என்று சொல்பவர்களை விசாரித்தால், பெரும்பாலும் காரணம் ஈரமாகத்தான் இருக்கும். நாலு பேர் வாழும் வீட்டில் மூச்சு, சமையல், குளியல், துணி காயவைப்பது என்று தினமும் சுமார் 10 லிட்டர் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. 20 டிகிரி சூடும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, 9 டிகிரிக்கும் குளிர்ந்த பரப்பைத் தொட்டால் அங்கே நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். அந்த இடம் கண்ணாடியாக இருந்தால் துடைத்துவிடலாம். சுவருக்குள் இருந்தால் பூஞ்சையும் அழுகலும்.

முன்பு இடுக்குகள் வழியாகத் தானாக வெளியேறிய ஈரத்துக்கு, இடுக்கை அடைத்தபின் நாம்தான் வழி செய்ய வேண்டும். குறைந்தபட்சம் குளியலறையிலும் சமையலறையிலும் நிஜமாகவே வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும், கூரையடி இடத்துக்குள் ஊதிவிடும் ஃபேன் அல்ல. குளிர் நாடுகளில் வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் காற்றோட்டக் கருவிகள் நன்றாக வேலை செய்கின்றன, நல்லவை அந்த வெப்பத்தில் முக்கால் பங்குக்கு மேல் மீட்டுத் தருகின்றன.

சுவருக்குள் ஈரம் புகாமல் இருக்க ஒட்டும் நீராவித் தடுப்புத் தாளை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பது ஊரைப் பொறுத்தது. குளிர் ஊரில் ஈரம் உள்ளிருந்து வெளியே போகும், ஆகவே தடுப்பு சூடான உட்பக்கத்தில். புழுக்கமான ஊரில் ஏசி ஓடும் வீட்டில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரும். அங்கே உட்பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டினால் சுவருக்குள்ளேயே நீர் கோக்கும். வேறொரு தட்பவெப்பத்துக்கு எழுதிய வழிமுறையை அப்படியே நம் வீட்டில் செய்வதால் வரும் சேதம் இது. சுண்ணாம்பு, மண் சுவர் உள்ள பழைய வீடுகள் ஈரத்தை உள்வாங்கித் திரும்ப வெளியே விடும் தன்மை உடையவை. அவற்றின் மேல் ஆவி புகாத பூச்சைப் பூசுவதற்கு முன் நன்றாக விசாரியுங்கள். கூரை ஒழுக்கும் சுவர் ஓதமும் எல்லா வேலைக்கும் முந்தி. நனைந்த சுவரை மூடிவைத்து எந்தப் பயனும் இல்லை.

பழைய கட்டடத்தில் மூடிக் கிடப்பதைத் திறக்கும் முன் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூரைத் தகடு, குழாய் உறை, சில வகைப் பழைய வெப்பக்காப்புகளில் அது உண்டு. உடைத்தாலோ அறுத்தாலோ அதன் தூள் நுரையீரலுக்குப் போகும். சூடேறும் பழைய வயரிங்கை வெப்பக்காப்புக்குள் புதைப்பதும் தீ விபத்தை வரவழைக்கும். எலக்ட்ரீஷியன் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே மூடுங்கள்.

ஜன்னலும் வெயிலும்

ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் யூ மதிப்பு 5.8 அளவில் இருக்கும். சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8. மெல்லிய உலோகப் பூச்சும் நடுவில் ஆர்கான் வாயுவும் சேர்ந்தால் 1.1 வரை வரும். எண்களைப் பார்த்தால் ஜன்னல்தான் முதல் வேலை என்று தோன்றும். ஆனால் வீட்டில் ஜன்னலின் பரப்பு சுவரையும் கூரையையும்விட மிகக் குறைவு, விலையோ மிக அதிகம். சட்டம் உளுத்துப்போய் எப்படியும் மாற்ற வேண்டிய நிலை வந்தால் நல்லதாகவே வாங்குங்கள். நல்ல நிலையில் இருப்பதைக் கழற்றி எறிவது எனக்குச் சரியாகப் படவில்லை. விளிம்புக்கு ரப்பர் பட்டை, குளிர் ஊரில் கனமான திரை, தேவைப்பட்டால் உட்பக்கம் இரண்டாவது கண்ணாடி என்று இருப்பதையே தேற்றலாம்.

வெப்ப ஊர்களில் ஜன்னலின் பிரச்சினையே வேறு. மாலை வெயில் நேராக விழும் மேற்கு ஜன்னலில் சதுர மீட்டருக்கு 500 வாட்டுக்கு மேல் வெப்பம் வந்து மோதும், சாதாரணக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். இரண்டு சதுர மீட்டர் ஜன்னல் என்றால், ஏசி ஓடும் அறையில் ஒரு ஹீட்டரையும் போட்டுவைத்த மாதிரி. இதற்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பது பல மடங்கு நல்லது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சூடாக்கும், அந்தச் சூடு அறைக்குள்தான் தங்கும். ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு உச்சி வெயிலைத் தடுக்கும். ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் சூரியன் தாழ்வாக இருப்பதால் அங்கே செங்குத்தாக இறங்கும் மூங்கில் தட்டி, வெளித்திரை, மரம், கொடி போன்றவைதான் உதவும்.

இயந்திரங்கள்

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 8, 9 வாட் எல்இடி தரும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி எனப்படும் பிரஷ் இல்லாத மோட்டார் போட்ட ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். நாள் முழுக்க ஃபேன் ஓடும் வீட்டில் இது நல்ல மாற்றம்.

வெந்நீர் பலரும் குறைத்து மதிப்பிடும் செலவு. 100 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி சூடேற்ற 4 யூனிட் ஆகும். அதைக் கம்பிச்சுருள் போட்ட ஹீட்டரில் செய்தால் முழு 4 யூனிட்டும் மீட்டரில் ஏறும். ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்துத் தருவதால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று முன்பின் ஆகும். குறைந்த நீர் விடும் ஷவர் தலையும், வெந்நீர்க் குழாய்க்கு உறையும் மலிவான வேலைகள்.

அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பும் இதே தத்துவம்தான், ஏசியைத் திருப்பிப் போட்டது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தருவது சாதாரணம். ஆனால் எவ்வளவு அதிகச் சூட்டுக்கு ஏற்ற வேண்டியிருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் திறன் குறையும். பழைய பாய்லர்கள் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு 70, 80 டிகிரி தண்ணீர் அனுப்பும். ஹீட் பம்ப்புக்கு 55-க்குக் கீழே இருந்தால் நல்லது. உங்கள் வீடு தயாரா என்று பைசா செலவில்லாமல் பார்க்கலாம்: நல்ல குளிர் நாளில் இருக்கும் பாய்லரின் நீர் வெப்பத்தை 55-க்குக் குறைத்துவிட்டு ஓரிரு நாள் பாருங்கள். எல்லா அறையும் போதுமான சூட்டில் இருந்தால் வீடு தயார். ஒன்றிரண்டு அறை மட்டும் குளிர்ந்தால் அங்கே ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் போதும். வீடே குளிர்ந்தால் வெப்பக்காப்பு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

அளவு விஷயத்தில் விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். பழைய இயந்திரத்தின் அளவையே பார்த்துக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது வழக்கம். அறை வாரியாக வெப்பக் கணக்கு போட்டுத் தரச் சொல்லுங்கள். தேவைக்கு மேல் பெரிய ஏசி அறையைச் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைக்காது. குளிர்ச்சியும் பிசுபிசுப்பும் சேர்ந்த அறை யாருக்கும் பிடிக்காது.

சோலாரைப் பொதுவாகக் கடைசியில் வைக்கச் சொல்வார்கள், நானும் ஏறத்தாழ அதையே சொல்வேன். தேவை குறைந்த பிறகு பார்த்தால் எத்தனை தகடு வேண்டும் என்று சரியாகத் தெரியும். அதைவிட முக்கியம், தகடுகள் 25 வருடம் அங்கேயே இருக்கப்போகின்றன. கூரை ஒழுக்கு, வெப்பக்காப்பு, பூச்சு எல்லாவற்றையும் முடித்துவிட்டு மேலே வையுங்கள். இல்லையென்றால் கூரை வேலைக்காக மொத்தத்தையும் கழற்றி மறுபடி மாட்டும் செலவு வரும்.

திட்டத்தைக் காகிதத்தில் போடுவது

இதையெல்லாம் ஒரே வருடத்தில் செய்யும் வசதி மிகச் சிலருக்கே இருக்கும், தேவையும் இல்லை. பத்து வருடத்தில் செய்யலாம். ஆனால் திட்டத்தை மட்டும் இப்போதே முழுசாக எழுதி வைத்துவிட வேண்டும், எந்த வேலையும் அடுத்த வேலைக்குக் குறுக்கே வந்துவிடாமல் இருப்பதற்காக. இந்த வருடம் ஜன்னல் மாற்றுகிறீர்கள், நாலு வருடம் கழித்து சுவரின் வெளிப்பக்கம் 10 சென்டிமீட்டர் வெப்பக்காப்பு வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போதே ஜன்னலைச் சுவரின் வெளிவிளிம்பை ஒட்டிப் பொருத்தி, அடிப்பலகையை நீட்டமாக வைத்துவிட்டால் அன்றைக்குக் கழற்ற வேண்டியிருக்காது. கூரை மாற்றும்போது இறவாணத்தைச் சற்று நீட்டிவிட்டால் பின்னால் தடிக்கப்போகும் சுவருக்கும் மழை மறைப்பு கிடைக்கும். வயரிங் மாற்றும்போது ஹீட் பம்ப்புக்கோ மின்சாரக் காருக்கோ தனி லைன் போக ஒரு காலி கான்டியூட் பைப்பைச் சுவருக்குள் விட்டு வையுங்கள். குளியலறையை உடைத்துக் கட்டும்போதே எக்ஸாஸ்ட் குழாய்க்கு வழி விடுங்கள்.

வீட்டில் எப்படியும் செய்ய வேண்டிய வேலைகள்தான் நல்ல தருணங்கள். வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்கச் சாரம் கட்டினால், சுவர் வெப்பக்காப்புக்கான செலவில் கணிசமான பங்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. பலன் கணக்கையும் அப்படித்தான் போட வேண்டும். செலவை வருடச் சேமிப்பால் வகுத்தால் எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று வரும். ஆனால் எப்படியும் வாங்கியே ஆக வேண்டிய ஃபிரிட்ஜ் என்றால் முழு விலையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சாதாரண மாடலுக்கும் சிக்கன மாடலுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே செலவு.

அவசரத்துக்கும் திட்டம் வேண்டும். பாய்லரோ கீசரோ பழுதாவது பெரும்பாலும் அது அதிகம் உழைக்கும் காலத்தில்தான். வீடு உறைந்துகொண்டிருக்கும்போது யாரும் பத்து மாடலை ஒப்பிட மாட்டார்கள், பழைய மாதிரியே ஒன்றை மறுநாள் மாட்டிவிட்டு அடுத்த 15 வருடத்துக்கு அதோடு வாழ்வார்கள். அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது என்ன, எந்த அளவு, யார் பொருத்துவார் என்று முடிவு செய்து எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும் பணக் கணக்கில் அடக்கவும் முடியாது. அறையின் காற்று 22 டிகிரி இருந்தாலும் சுவர் 14 டிகிரியில் இருந்தால் நமக்குக் குளிரும், ஏனென்றால் உடம்பின் வெப்பம் குளிர்ந்த சுவருக்குப் போய்க்கொண்டே இருக்கும். சுவரைச் சரிசெய்தால் அதே 22 டிகிரியில், சில நேரம் 20 டிகிரியிலேயே, சுகமாக இருக்கும். சீர்செய்த பிறகு சிலர் முன்பு பூட்டிவைத்த அறையையும் பயன்படுத்தத் தொடங்குவார்கள், எதிர்பார்த்த அளவு யூனிட் குறையாது. அதை நஷ்டமாக நான் பார்க்கவில்லை. குளிருக்குப் பயந்து ஒரே அறையில் முடங்கியிருந்த பாட்டி வீடு முழுக்க நடமாடுகிறார் என்றால் அதற்காகத்தான் இவ்வளவும் செய்கிறோம்.

வேலை கொடுக்கும்போது ஒப்பந்தத்திலேயே ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கசிவுச் சோதனை இரண்டு முறை நடக்க வேண்டும். ஒன்று தொடங்கும் முன், இன்னொன்று ஓட்டைகளை அடைத்து முடித்த பிறகு, ஆனால் சுவரையும் சீலிங்கையும் பலகை வைத்து மூடுவதற்கு முன். அந்த நேரத்தில் ஒரு கசிவு தெரிந்தால் ஒரு டியூப் சீலன்ட்டோடு வேலை முடியும். வெப்பக்காப்பு முழுசாக இருக்கிறதா என்று தெர்மல் கேமராவில் பார்ப்பதாக இருந்தால், உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரியாவது வித்தியாசம் உள்ள நாளாக, வெயில் சுவரில் படாத அதிகாலையில் வரச் சொல்லுங்கள். அடுத்த வருட பில்களையும் அதே வரைபடத்தில் வேறு நிறத்தில் குறியுங்கள். அந்த வருடம் வழக்கத்தைவிடக் குளிரா வெயிலா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வானிலைப் பகுதி இறங்கி அடிப்படை அப்படியே நின்றால், திட்டத்தில் அடுத்து முன்னுக்கு வர வேண்டியது வெந்நீரும் ஃபிரிட்ஜும்.